இல்லாத பால் பாக்கெட்

ஜூன் 2, திங்கள்

இன்றோடு நூல் மில்லில் சேர்ந்து இரண்டு மாதம். என் அறை வாசலில் "மனநல ஆலோசகர்" என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகைக்கு மேலே சுவரில் "ஸ்டோர் ரூம்" என்று பெயிண்டில் எழுதியது இன்னும் அழியவில்லை. உள்ளே வருகிற பெண்களில் பாதிப்பேர் துடைப்பமும் பினாயிலும் கேட்டுத்தான் வருகிறார்கள். நானும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

எம்.எஸ்ஸி. உளவியல், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். படிக்கச் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எங்க, நான் மனசுல என்ன நினைக்கிறேன்னு சொல்லு பாப்போம்." இப்போது என்ன வேலை என்று மட்டும் கேட்கிறார்கள். அம்மா அருப்புக்கோட்டையில் தெரு முழுக்க "மக மில்லுல டாக்டரா இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் இல்லை என்று சொன்னால் அழுவாள்.

நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டுமென்றால் எம்.ஃபில். படிக்க வேண்டும். இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதினேன், இடம் கிடைக்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி இன்சூரன்ஸ் விற்கிறாள். ஒருவன் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். எங்களில் அவன்தான் படித்த படிப்பை நேர்மையாகப் பயன்படுத்துகிறான் என்று நினைக்கிறேன். முதலிடம் வாங்கிய பெனிட்டா மட்டும் பெங்களூரில் ஏதோ தணிக்கை நிறுவனத்தில் இருக்கிறாள். ஏர்போர்ட்டில் காபி குடிக்கிற படமாகப் போடுகிறாள். பார்த்தால் எரிகிறது.

ஜூன் 6, வெள்ளி

மில் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் கோலப் போட்டி. நான் நடுவர். உளவியல் வாழ்க.

ஜூன் 10, செவ்வாய்

 பார்த்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலை டீ வண்டி போன கொஞ்ச நேரத்தில், கை கழுவும் போஸ்டரை ஒட்ட ஷெட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு அலறல். பஞ்சைக் கயிறாக இழுத்துவிடும் டிராயிங் மிஷின் பக்கம் எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். மிஷினின் மூடி திறந்து கிடந்தது. ரோலர் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பஞ்சு சிவப்பாகி, கயிறு மாதிரி திரண்டு கீழே இருந்த கேனுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பூமாரி உட்கார்ந்திருந்தாள், வலது கையைத் துப்பட்டாவில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. அழக்கூட இல்லை. அலறியது அவள் இல்லை, அவளுடைய தோழி காளீஸ்வரி.

மூடி ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஃபிட்டர் ஒருவர் வந்து மிஷினை நிறுத்தும் முன்பே அந்த டேப்பைத்தான் பிய்த்தார். அதை நான் பார்த்தேன்.

பூமாரிக்கு நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ரசம் மட்டும் குடித்தேன்.

ஜூன் 11, புதன்

மேனேஜர் தங்கவேலு சார் கூப்பிட்டனுப்பினார். கொங்குப் பக்கத்துக்காரர். ஆளைக் கொல்வதாக இருந்தாலும் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் கொல்வார்.

"உக்காருங்க மேடம். டீ சாப்டறீங்களா? பாவம்ங்க அந்தப் பொண்ணு. ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி உழுந்து, இரும்புக் கதவுல கை மாட்டிக்கிச்சுங்க."

"சார், நான் ஷெட்டுல..."

"நீங்க பதட்டத்துல இருந்தீங்க, எனக்குத் தெரியுமுங்க. ரிப்போர்ட்டு நேத்தே போயிருச்சு." டீயை என் பக்கம் தள்ளினார். "அந்தக் காளீஸ்வரிதான் ராத்திரி பூராத் தூங்காம கத்துதாம். வார்டன் சொன்னாங்க. நீங்க கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க. அடுத்த மாசம் பையர் ஆடிட்டுங்க. நம்ம நூல வாங்கற வெளிநாட்டுக்காரனுக்காக ஆடிட் கம்பெனி ஆள் வரும், புள்ளைங்களத் தனியாக் கூப்ட்டுக் கேப்பாங்க. இந்தப் புள்ளை அங்க போயி ஒளறக் கூடாதுங்களே. நான் பொய் சொல்லச் சொல்லலைங்க. கொழப்பம் வேண்டாம்ங்கறேன், அவ்ளோதான்."

ஷெட்டில் நடந்தால் விசாரணை வரும், மிஷின் நிற்கும், பூமாரிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். பாத்ரூமில் நடந்தால் அவளுடைய கவனக்குறைவு. இதைப் புரிந்துகொள்ள எம்.எஸ்ஸி. தேவையில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

காளீஸ்வரி வந்தாள். சாயல்குடிப் பக்கம். பத்தொன்பது வயது, பார்த்தால் பதினைந்து சொல்லலாம். பேசவே விடவில்லை அழுகை. நான் காத்திருந்தேன். காத்திருக்க எனக்கு நன்றாக வரும், அதற்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"அது என் மிஷினு மேடம்," என்றாள் கடைசியில். "ரோலர்ல பஞ்சு சுத்திருச்சு. எனக்குப் பயம். நாந்தான் பூமாரியக் கூப்ட்டேன். ஏய், கொஞ்சம் எடுத்து விடுடின்னு. அவ மூடியத் தொறந்தா. தொறந்தா நிக்கணும்ல மேடம்? நிக்கல. சுவிட்சுல டேப்பு போட்டு வச்சிருந்தாக. அடிக்கடி நிக்குதுன்னு சூப்பர்வைசரு போடச் சொன்னாரு."

"ம்."

"அவ வெரலு என்னாலதான் மேடம் போச்சு. கண்ண மூடுனா அந்தப் பஞ்சுதான் வருது."

உன் தவறில்லை என்று சொன்னேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். ஆடிட்டரிடம் உண்மையைச் சொல்லச் சொல்ல வேண்டும் என்றுதான் மனதில் இருந்தது. இன்று வேண்டாம், முதலில் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

காளீஸ்வரி தூங்கவில்லை. சாப்பிடவும் இல்லை. இப்படியே போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வார்டன் சொல்கிறார். ஊரில் குடிக்கிற அப்பன். இவள் போனால் ஆடிட்டரிடம் சொல்லவும் ஆளில்லை, இவளுக்குப் போகவும் இடமில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று அன்றைய நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எழுந்தது, பல் விளக்கியது, எல்லாம். அப்போதுதான் ஒரு விஷயம் வந்தது. ஷிஃப்டுக்குப் போகும் முன் குளியலறையில் யாரோ துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கிடந்ததாம். பூமாரி லேசாக வழுக்கி வாளியைப் பிடித்துக்கொண்டாளாம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது காளீஸ்வரியும் சிரித்தாள். பத்து நாளில் முதல் முறை.

அவள் முகம் எங்கே தளர்கிறதோ அங்கே கொஞ்சம் தங்குவது முறைதான். "தண்ணி நிறைய கிடந்துச்சா?" என்று கேட்டேன். "கதவு எந்தப் பக்கம் இருந்துச்சு? அவ எதைப் பிடிச்சா, வாளியையா கதவையா?"

"வாளிதான்னு நெனைக்கிறேன் மேடம்."

"நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமில்ல."

யோசித்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேள்விதான் கேட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினாளாம். வார்டன் எனக்கு முட்டைப் பணியாரம் கொடுத்தனுப்பினார்.

ஜூன் 24, செவ்வாய்

என் எம்.எஸ்ஸி. ஆய்வு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பெனிட்டாவும் நானும் சேர்ந்து செய்தது. ஒரு ஸ்கூட்டர் விபத்து வீடியோவைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். பிறகு பாதிப்பேரிடம் மட்டும், "ரோட்டில் உடைந்து கிடந்த பால் பாக்கெட் ஸ்கூட்டருக்கு இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்டோம். வீடியோவில் பால் பாக்கெட்டே கிடையாது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களில் பாதிக்கு மேல் பாலைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். ஒரு பையன் அது என்ன கம்பெனிப் பால் என்றே சொன்னான். நாங்கள் கேன்டீனில் விழுந்து விழுந்து சிரித்தோம். துறைத் தலைவர் பாராட்டினார். கண்ணால் கண்டதும் பொய் என்கிற பழமொழியைப் போட்டுத்தான் முன்னுரை எழுதினேன்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தலை குளிக்க வேண்டும், ஷாம்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

மூன்றாவது அமர்வு. "கதவைப் பிடிச்சப்போ கதவு தானா சாத்திக்கிச்சா, காத்துல சாத்துச்சா?" என்று கேட்டேன்.

"காத்துலதான் மேடம்," என்றாள் உடனே.

பிறகு, "அப்ப நான் அவளக் கூப்புடல இல்ல மேடம்?" என்று கேட்டாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தண்ணீர் கேட்கிறவள் முகம். இல்லை என்று சொல்லத் தைரியம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

"உனக்கு எப்படித் தோணுது?" என்றேன். படித்த பதில்.

"கூப்புடலன்னுதான் தோணுது."

ஜூலை 2, புதன்

தங்கவேலு சார் வராந்தாவில் நிறுத்தி, "புள்ளை நல்லாத் தெளிஞ்சிருச்சாட்ட இருக்குதுங்க. என்ன மாத்திரைங்க குடுத்தீங்க?" என்றார்.

"மாத்திரை இல்ல சார். பேசினேன்."

"பேசியேவா? அட! படிச்ச படிப்பு வீண் போகலைங்க மேடம்."

படிப்பு முடிந்த இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அம்மாகூட. சந்தோஷமாக இருந்தது. அந்த ஆளிடமிருந்து வந்தும் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

காளீஸ்வரி இப்போது அழுவதில்லை. தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்காமலே முழுக்கச் சொன்னாள்: சோப்புத் தண்ணீர், பூமாரி வழுக்கியது, கதவு அடித்தது. மிஷின் பேச்சே இல்லை.

"அந்தப் பஞ்சு வருதா இப்ப?" என்று கேட்டேன்.

"எந்தப் பஞ்சு மேடம்?"

பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்கள் முகம் எனக்குத் தெரியும். அவளிடம் இப்போது திருப்பிச் சொன்னால் என்ன ஆகும்? மறுபடி தூக்கம் போகும், மறுபடி தன் கையாலேயே தோழியின் விரலை வெட்டியவள் ஆவாள். ஒருத்தியாவது நிம்மதியாக இருக்கட்டும். பூமாரிக்கு விரல் எப்படியும் முளைக்கப் போவதில்லை.

இதை எழுதியது நான்தானா என்று ஒரு முறை திரும்பப் படித்தேன். நான்தான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஹாஸ்டலில் பாயசம். ஆடிட்டும் இன்றுதான்.

காரிலிருந்து இறங்கிய ஆடிட்டரை எனக்குத் தெரியும். பெனிட்டா. முடியை வெட்டியிருந்தாள், கையில் டேப்லெட். என்னைப் பார்த்து, "ஏட்டி நர்மதா! நீ இங்கயா கெடக்க?" என்று நாகர்கோவில் தமிழில் கத்தினாள். தங்கவேலு சார் முகம் ஆயிரம் வாட்ஸ் பல்பு போட்டது.

பெண்களை ஒவ்வொருவராக டைனிங் ஹாலுக்குள் கூப்பிட்டாள். காளீஸ்வரி உள்ளே போனபோது நான் வெளியே நின்றேன். எனக்குள் ஒரு மூலையில், அவள் சொல்லிவிடட்டும் என்று இருந்தது. எல்லாவற்றையும் மீறி அந்த ஞாபகம் எங்கேயோ மிச்சம் இருக்கும், பெனிட்டா கெட்டிக்காரி, தோண்டி எடுத்துவிடுவாள். நான் பிடிபடுவேன். பிடிபட்டால் பரவாயில்லை என்றுகூட இருந்தது.

காளீஸ்வரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு பெனிட்டா என் அறைக்கு வந்தாள். "ஸ்டோர் ரூம்" எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். கதவைச் சாத்தினாள்.

"அந்தக் காளீஸ்வரிப் பிள்ள. சோப்புத் தண்ணி நீலமா இருந்துச்சாம். கதவு ரெண்டு தடவ அடிச்சுதாம். நான் ஒண்ணுமே கேக்கல, அவளே அடுக்குதா."

நான் மேஜைமேல் இருந்த பினாயில் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

"எத்தனை தடவ உக்காந்த?"

"நாலு."

"பால் பாக்கெட்டா?"

உலகத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். படிக்கும்போது அடுத்தவருக்காக அழுகிறவள் அவள். ஹாஸ்டலில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள்.

"நம்ம ஆய்வைவிட நல்லா வந்திருக்கு," என்றாள்.

"என்ன எழுதப் போற?"

"அவ என்ன சொன்னாளோ அதத்தான். வேற என்ன எழுத முடியும்? இந்த வாரம் இன்னும் மூணு மில்லு கெடக்கு எனக்கு."

"பெனி, உனக்குத் தெரிஞ்சிருச்சில்ல?"

"தெரிஞ்சு? நான் இத எழுதினேன்னு வச்சுக்கோ, அடுத்த வருசம் இவங்க வேற கம்பெனியக் கூப்பிடுவாங்க. ஆடிட்டுக்குக் கம்பெனியத் தேடிக் காசு குடுத்துக் கூப்பிடுறது யாரு? இவங்கதான்." டேப்லெட்டை மூடினாள். "எங்க ஆபீஸ்ல ஆள் தேடுறாங்க. எந்த மில்லுல பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்குச் சொல்லிக் குடுத்தவள விட நல்ல ஆளு யாரு? நான் சொல்லுதேன் உனக்கு."

"கண்டுபிடிச்சு?"

"கண்டுபிடிச்சு சும்மா இருக்கணும். அதுதாம்ட்டி வேலை."

போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். நல்ல சென்ட் போட்டிருந்தாள். பாயசத்தில் சர்க்கரை குறைவு.

ஜூலை 20, ஞாயிறு

பெனிட்டா சொன்ன மின்னஞ்சலுக்கு என் விவரங்களை அனுப்பிவிட்டேன். அனுபவம் என்கிற இடத்தில், "அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கான ஆலோசனை" என்று போட்டேன்.

இந்தக் குறிப்பின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூன் பத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். அன்று ரொம்பப் பதற்றத்தில் இருந்திருக்கிறேன், கையெழுத்தே கோணல். டேப் கறுப்பா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஷெட்டில் டேப் எங்கேதான் இல்லை? ஃபிட்டர் எதைப் பிய்த்தார் என்பதும் தூரத்திலிருந்து பார்த்ததுதான்.

துணி ஊற வைத்திருக்கிறேன். போய்த் துவைக்க வேண்டும்.

ஜூலை 23, புதன்

வேலை கிடைத்துவிட்டது. பெங்களூர். அம்மா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாளாம்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று பூமாரி வந்தாள், தன் இரும்புப் பெட்டியை எடுத்துப் போக. அவளுடைய அம்மா வெளிக்கேட்டிலேயே நின்றுவிட்டார், உள்ளே வர மாட்டேன் என்று. பூமாரி இளைத்திருந்தாள். வலது கையில் கட்டு இல்லை. அந்தக் கையை முந்தானைக்குள் மறைக்கவும் இல்லை.

காளீஸ்வரி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். காளீஸ்வரி அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கே சொன்னேன்ல டீ, சோப்புத் தண்ணி கெடக்கு, பாத்து வான்னு. கேட்டியா நீ?" என்றாள்.

பூமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வார்டன் நின்றுகொண்டிருந்தார். அவருக்காக நடிக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "ஆமா டீ, எங் கண்ணு நொள்ளை," என்று அவளும் சேர்ந்துகொண்டாள். வார்டன் பெட்டியை எடுக்க உள்ளே போனதும் காளீஸ்வரியின் கையைக் கிள்ளி, மெல்ல, "சரி, அவுக போயாச்சு. ஆபீசர் அம்மா வந்தாகளாமே, நீ சொன்னியா? டேப்பச் சொன்னியா?" என்று கேட்டாள்.

"எந்த டேப்பு?"

"வெளையாடாத டீ. எங்கம்மா கேஸ் போடணும்னு வக்கீலப் பாத்திருக்கு. நீ ஒருத்திதான் பக்கத்துல நின்னவ. நீ சொன்னாத்தான் உண்டு."

"நான் பக்கத்துல நின்னேன்தான். நான் புடிக்கக் கைய நீட்டுனேன். அதுக்குள்ள கதவு அடிச்சிருச்சே பூமாரி." காளீஸ்வரி மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் புடிச்சிருக்கணும்."

பூமாரி அவள் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நடிப்பு எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இவளுக்கு என்னாச்சு?"

சொல்லியிருக்கலாம். மூன்று பேர்தான் இருந்தோம். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "உக்காரு பூமாரி. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. அன்னைக்குக் காலையில எழுந்ததுல இருந்து உனக்கு என்னென்ன ஞாபகம் இருக்கு, மெதுவா சொல்லு. குளிக்கப் போனீங்கல்ல, அங்க தண்ணி..."

"வேணாம் மேடம்," என்றாள். கையை என் முகத்துக்கு நேரே நீட்டவில்லை, சத்தமும் போடவில்லை. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

வார்டன் கொண்டுவந்த பெட்டியை இடது கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டைத் தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ ஏன் மேடம் எங்கிட்டப் பேசாமப் போறா? நான் என்ன செஞ்சேன்?" என்று காளீஸ்வரி தேம்பினாள்.

பூமாரிக்கு அதிர்ச்சி இன்னும் தீரவில்லை, அதனால் நடக்காததெல்லாம் நடந்ததாகத் தோன்றுகிறது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொன்னேன். காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் நம்புகிறாள்.